கரண்ட் போகும் மலையில் லிப்ரே ஆபீஸ்: இன்ஸ்டால் செய்வதும் கோளாறு நீக்குவதும்

கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் உதவும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளை இன்ஸ்டால் செய்வது பத்து நிமிட வேலை. அதற்கு முன்னும் பின்னும்தான் சிக்கல். நீலகிரியில் வருகிற தொல்லைகள் பெரும்பாலும் மூன்று காரணங்களுக்குள் அடங்கிவிடும்: டவர் போய்ப் பாதியில் அறுந்த டவுன்லோடு, எழுதிக்கொண்டிருக்கும்போது போகும் கரண்ட், தமிழ் எழுத்துக்குச் செய்யாமல் விட்ட செட்டிங். மூன்றையும் முதல் நாளே சரிசெய்துவிட்டால் மீதி எல்லாம் சில்லறைத் தொல்லைதான்.

2010-இல் ஓபன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த மென்பொருள் இது. டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை நடத்துகிறது. அதன் சொந்தத் தளத்தில் எடுத்தால் இலவசம். லைசென்ஸ் கீ கேட்காது, இத்தனை நாள்தான் என்ற கெடுவும் கிடையாது. நன்கொடைப் பக்கம் ஒன்று எட்டிப் பார்க்கும். விருப்பம் இருந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் மூடிவிடலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கட்டணத்துக்குக் கிடைப்பதும் இதே மென்பொருள்தான். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத் தளங்களிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.

எந்தப் பதிப்பு

விண்டோஸ் 10, 11 என்றால் புதியதை எடுங்கள். பள்ளியில் கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸ் 7 அல்லது 8.1 இருந்தால் புதியது ஏறாது. 25.8 பதிப்பிலிருந்து அந்த விண்டோஸ்களுக்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். தளத்தின் பழைய பதிப்புக் களஞ்சியத்தில் 25.2 வரிசையைத் தேடி எடுக்க வேண்டும். (எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: 2024 முதல் ஆண்டும் மாதமும்தான் பதிப்பு எண். 25.2 என்றால் 2025 பிப்ரவரி.)

அடுத்தது 32 பிட்டா, 64 பிட்டா என்பது. விண்டோஸ் செட்டிங்ஸ் > சிஸ்டம் > அபௌட் பக்கத்தில் 'சிஸ்டம் டைப்' வரியில் எழுதியிருக்கும். விண்டோஸ் 7-இல் 'கம்ப்யூட்டர்' மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ். 32 பிட் கணினியில் 64 பிட் கோப்பை ஓட்டினால் 'இந்த புராசஸருக்கு ஏற்றதல்ல' என்று சொல்லி நின்றுவிடும். கெடுதல் ஒன்றும் இல்லை, போன டேட்டாதான் நட்டம்.

டவுன்லோடு

இன்ஸ்டால் கோப்பு ஏறக்குறைய 350 எம்பி. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் எடுப்பவர்கள் நேரடி டவுன்லோடை நம்புவதைவிட, அதே பக்கத்தில் இருக்கும் டாரண்ட் இணைப்பை (கோப்பைத் துண்டு துண்டாக வாங்கும் முறை, அதற்குத் தனி மென்பொருள் வேண்டும்) எடுப்பது மேல். பந்தலூர்ப் பக்கம் மழையில் டவர் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும், டாரண்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும். வாங்கிய ஒவ்வொரு துண்டையும் அதுவே சரிபார்த்தும் கொள்ளும். பிரௌசர் அப்படியல்ல, சில நேரம் அரைகுறைக் கோப்பையே முடிந்ததாகக் காட்டிவிடும். அதைத் திறந்தால் வரும் செய்தி, 'இன்ஸ்டாலேஷன் பேக்கேஜைத் திறக்க முடியவில்லை' என்பது. இதைப் பார்த்துவிட்டு விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை. கோப்பின் அளவைத் தளத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள், குறைந்தால் மறுபடி எடுங்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமா? செவன்-ஜிப் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருள் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) எடுத்து, தளத்தில் உள்ள எண்ணோடு கடைசி ஆறு எழுத்தைப் பொருத்திப் பாருங்கள். அது போதும்.

நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்தில் ஒருமுறை எடுத்துப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால் எத்தனை கணினியிலும் போடலாம். ஆஃப்லைன் ஹெல்ப் தனிக் கோப்பு. அதையும் சேர்த்து எடுத்துவையுங்கள். இல்லையென்றால் எஃப்1 அழுத்தும்போதெல்லாம் நெட் தேடும்.

இன்ஸ்டால்

சி டிரைவில் 3 ஜிபியாவது காலி இருக்கட்டும். மென்பொருள் பிடிப்பது 1.5 ஜிபி அளவு. மற்றது இன்ஸ்டாலர் வேலை செய்யும் இடம். மடிக்கணினி என்றால் பேட்டரி ஏறியிருக்க வேண்டும், மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் இருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பாதி ஏறிய நிலையில் நின்று, பிறகு நீக்கவும் விடாது, மறுபடி போடவும் விடாது.

பென் டிரைவிலிருந்து நேராக ஓட்டாமல் கோப்பைக் கணினிக்குள் காப்பி செய்துகொண்டு இரட்டைக் கிளிக் செய்யுங்கள். 'டிபிகல்', 'கஸ்டம்' என்று இரண்டு வழி கேட்கும். கஸ்டம் எடுங்கள். 'யூசர் இன்டர்ஃபேஸ் லாங்குவேஜஸ்' என்பதை விரித்துத் தமிழைச் சேர்த்துவிடுங்கள், ஆனால் ஆங்கிலத்தையும் நீக்காதீர்கள். தமிழ் மெனு படிக்க நன்றாகவே இருக்கும். கோளாறு என்று வந்து பிறரிடம் கேட்கும்போது மட்டும் எல்லோரும் ஆங்கில மெனுப் பெயரைத்தான் சொல்வார்கள். இந்தக் குறிப்பிலும் அப்படித்தான்.

அடுத்த பக்கத்தில், வேர்டு, எக்செல் கோப்புகளை இதில்தான் திறக்க வேண்டுமா என்று கேட்கும். கணினியில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஏற்கெனவே இருந்தால் டிக் போடாதீர்கள். 'கணினி தொடங்கும்போதே ஏற்று' என்பதையும் விட்டுவிடுங்கள். 2 ஜிபி ராம் உள்ள கணினியில் அது சுமை.

இன்ஸ்டால் நடுவில் நிற்பதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. பிழை எண் 1618 என்றால் வேறு ஏதோ இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட். முடியும்வரை காத்திருங்கள், அல்லது ரீஸ்டார்ட் செய்து உடனே ஓட்டுங்கள். ஏபிஐ-எம்எஸ்-வின் என்று தொடங்கும் டிஎல்எல் கோப்பு இல்லை என்று வந்தால் அது விண்டோஸ் 7-க்கு உரிய நோய். சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா என்று பார்த்து, கேபி 2999226 என்ற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்துப் போட்டால் தீரும். அந்த டிஎல்எல்லை மட்டும் தனியாகத் தருகிறோம் என்று சொல்லும் தளங்களின் பக்கமே போகாதீர்கள்.

ஜாவா வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். ரைட்டர் (எழுத), கால்க் (கணக்குக்கு), இம்ப்ரெஸ் (ஸ்லைடுக்கு) மூன்றுக்கும் தேவையில்லை. பேஸ் என்ற தரவுத்தளப் பகுதிக்குத்தான் வேண்டும். 64 பிட் லிப்ரே ஆபீஸுக்கு 64 பிட் ஜாவாதான் சேரும்.

தமிழுக்கு உரிய செட்டிங்

தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். லிப்ரே ஆபீஸ் ஒரே பத்தியில் மூன்று வகை எழுத்துக்கு மூன்று ஃபான்ட் வைத்துக்கொள்ளும்: ஆங்கிலம் போன்ற மேலை எழுத்து, சீன-ஜப்பானிய எழுத்து, 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' (சுருக்கமாக சிடிஎல்) என்ற கூட்டெழுத்து. தமிழ் மூன்றாவதில் வரும். ஆங்கிலத்துக்கு 12 புள்ளி வைத்தால் தமிழுக்கும் 12 ஆகிவிடும் என்று நினைக்கக் கூடாது. இரண்டும் தனித்தனி.

டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > லாங்குவேஜஸ் அண்ட் லொகேல்ஸ் > ஜெனரல் (பழைய பதிப்பில் லாங்குவேஜ் செட்டிங்ஸ் > லாங்குவேஜஸ்) போங்கள். அங்கே லொகேல் (எந்த நாட்டு வழக்கம் என்பது) 'இங்கிலீஷ் இந்தியா', மேலை மொழியும் அதுவே, 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' டிக் போட்டு 'தமிழ்' தேர்ந்தெடுங்கள். இந்தி என்று விட்டுவிட்டால் இந்தி அகராதியை வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லுக்கெல்லாம் சிவப்புக் கோடு இழுக்க வாய்ப்புண்டு. லொகேல் அமெரிக்கா என்று இருந்தால் 5/8 என்று அடித்த ஆகஸ்ட் 5, மே 8 ஆகிவிடும். தாளும் ஏ4-க்குப் பதிலாக லெட்டர் அளவாகி, பிரிண்டில் ஓரம் வெட்டுப்படும்.

பிறகு ஆப்ஷன்ஸ் > லிப்ரே ஆபீஸ் ரைட்டர் > பேசிக் ஃபான்ட்ஸ் சிடிஎல். எல்லா வரியிலும் நிர்மலா யூஐ. விண்டோஸ் 7 என்றால் விஜயா அல்லது லதா. இது புதிய கோப்புகளுக்கு. ஏற்கெனவே உள்ள கோப்பில் எஃப்11 அழுத்தி 'டீஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைல்' மேல் வலது கிளிக், எடிட், ஃபான்ட் பக்கத்தில் சிடிஎல் பகுதியை மாற்றுங்கள்.

பழைய கணினியில் லதாவில் அடித்த மனு, விண்டோஸ் 10-இல் திறந்தால் வரி கலைந்து ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கமாகிறதா? லதாவும் விஜயாவும் இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை. செட்டிங்ஸ் > ஆப்ஸ் > ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேர்த்தால் பழைய முகம் திரும்பும்.

திறந்த கோப்பில் தமிழே இல்லாமல் ஆங்கில எழுத்தும் குறிகளும் குப்பையாகத் தெரிந்தால், அது வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. லிப்ரே ஆபீஸின் குற்றமல்ல. அந்த ஃபான்ட்டைப் போட்டால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலமே. தேடினால் கிடைக்காது, அகர வரிசையும் வராது. என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றியில் ஒட்டி, மூலக் குறிமுறையைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, இப்போதைய பொதுக் குறிமுறையான யூனிகோடாக மாற்றிவிடுங்கள். மாற்றியபின் துணைக்காலுக்குப் பதில் 'ர' நிற்கும் இடங்களை ஒருமுறை கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும்.

கரண்ட் போவதற்கு முன்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூரில் கரண்ட் போகும். அக்டோபரிலிருந்து வடகிழக்கு மழையில் குன்னூர், கோத்தகிரியில் போகும். கம்பியில் மரம் விழுவது எந்த மாதமும் நடக்கலாம். ஆப்ஷன்ஸ் > லோட்/சேவ் > ஜெனரல் போய் இரண்டு காரியம் செய்யுங்கள்: 'ஆட்டோரெக்கவரி' இடைவெளியை 3 நிமிடமாக்குங்கள், 'எப்போதும் பேக்கப் காப்பி' என்பதில் டிக் போடுங்கள்.

இரண்டும் ஒன்றல்ல. ஆட்டோரெக்கவரி, நீங்கள் சேவ் செய்யாததைக் காக்கும். பேக்கப் காப்பி, சேவ் ஆகிக்கொண்டிருந்த நொடியில் கரண்ட் போய்க் கோப்பே வெறுமையானால் அதற்கு முந்தைய நிலையைத் தரும். அது இருக்கும் இடம்: விண்டோஸ் சாவியோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் இரண்டு % குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். லிப்ரே ஆபீஸ் > 4 > யூசர் > பேக்கப் என்று உள்ளே போங்கள். (மென்பொருளின் எண் எதுவானாலும் ஃபோல்டர் பெயர் 4-தான்.) அங்கே உள்ள பிஏகே கோப்பை வேறிடத்துக்குக் காப்பி செய்து, பெயரின் கடைசியில் உள்ள பின்னொட்டைப் பழையபடி (ஓடிடி போல) மாற்றித் திறக்கலாம்.

கரண்ட் வந்தபின் கோப்பைத் திறந்தால் 'இதை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்' என்று உங்கள் பெயரையே காட்டுகிறதா? பூட்டுக் கோப்பு அழியாமல் நின்றுவிட்டது. அதே ஃபோல்டரில் புள்ளியும் அலைக்குறியும் கொண்டு தொடங்கி # குறியில் முடியும் சிறிய கோப்பு இருக்கும். தெரியாவிட்டால் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். வேறு யாரும் உண்மையிலேயே திறந்து வைத்திருக்கவில்லை என்றால் அதை அழித்துவிடலாம்.

பென் டிரைவிலேயே கோப்பை வைத்து வேலை செய்யும் பழக்கத்தை விடுங்கள். ஈர நாளில் கரண்ட் போய்ப் போய் வரும்போது முதலில் கெடுவது அதுதான்.

திறக்கவே மாட்டேன் என்கிறது

தொடங்கும்போது லோகோ காட்டி மறைந்தால், அல்லது ஜன்னல் கறுப்பாக வந்தால், ஸ்டார்ட் மெனுவில் லிப்ரே ஆபீஸின் 'சேஃப் மோட்' குறுக்குவழியை எடுங்கள். அதில் திறந்தால் மென்பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் செட்டிங்குகள் இருக்கும் யூசர் புரொஃபைல் கெட்டிருக்கிறது. மேலே சொன்ன 4 ஃபோல்டருக்குள் உள்ள யூசர் ஃபோல்டரின் பெயரை 'பழையது' என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அழிக்காதீர்கள். நீங்கள் சேர்த்த சொற்களும் ஆட்டோகரெக்ட் பட்டியலும் பேக்கப்பும் அதற்குள்தான் இருக்கின்றன.

கறுப்பு ஜன்னலுக்கும் எழுத்து நடுங்குவதற்கும் பழைய கிராபிக்ஸ் டிரைவர் காரணமாக இருக்கும். ஆப்ஷன்ஸ் > லிப்ரே ஆபீஸ் > வியூ பக்கத்தில் 'ஸ்கியா' என்ற வரைகலை வசதியின் டிக்கை நீக்கிவிடுங்கள், அல்லது 'சாஃப்ட்வேர் ரெண்டரிங்' டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். சேஃப் மோடிலும் திறக்கவில்லை என்றால் மட்டும் கன்ட்ரோல் பேனலில் லிப்ரே ஆபீஸைத் தேர்ந்தெடுத்து 'சேஞ்ச்', பிறகு 'ரிப்பேர்'.

கணக்கும் பிரிண்டும்

பச்சைத் தேயிலைக் கணக்கைக் கால்க்கில் போடுகிறவர்களுக்கு இரண்டே குறிப்பு. எடைக் கட்டத்தில் '42.5 கிலோ' என்று அடித்தால் அது எண்ணல்ல, சொல், கூட்டலில் சேராது. 42.5 மட்டும் அடியுங்கள். வேறெங்கிருந்தோ ஒட்டிய எண்கள் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்று கூட்டுத்தொகை 0 காட்டினால், அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து டேட்டா > டெக்ஸ்ட் டு காலம்ஸ் > ஓகே. எண்ணாக மாறிவிடும். 1,25,000 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி விழ, ஃபார்மட் செல்ஸில் மொழி 'இங்கிலீஷ் இந்தியா' என்று இருந்து, 'தவுசண்ட்ஸ் செப்பரேட்டர்' டிக்கும் போட்டிருந்தால் போதும். சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) தமிழ்ப் பெயர்கள் உடைந்து வந்தால், திறக்கும்போது கேட்கும் பெட்டியில் கேரக்டர் செட்டை யூடிஎஃப்-8 ஆக்குங்கள்.

வேர்டு வைத்திருப்பவருக்கு அடிக்கடி அனுப்ப வேண்டியிருந்தால் லோட்/சேவ் > ஜெனரலில் வழக்கமான வடிவத்தை 'வேர்டு 2010-365' ஆக்கிக்கொள்ளலாம். உங்கள் மூலக் கோப்பை மட்டும் லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமான ஓடிடியில் வைத்துக்கொள்வதே நல்லது. வடிவம் மாறி மாறிப் போகும்போதுதான் அட்டவணையும் எண்வரிசையும் கலைகின்றன.

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஜெராக்ஸ் கடைக்குப் பிரிண்டுக்குக் கொண்டுபோவதென்றால் டாக்எக்ஸ் என்ற வேர்டு கோப்பு வேண்டாம். அந்தக் கணினியில் உங்கள் ஃபான்ட் இருக்காது. ஃபைல் > எக்ஸ்போர்ட் ஆஸ் > பிடிஎஃப் எடுத்துக் கொடுங்கள், ஃபான்ட் உள்ளேயே போய்விடும். கலெக்டர் அலுவலகத்துக்கு லீகல் தாளில் மனு என்றால் ஃபார்மட் > பேஜ் ஸ்டைலில் தாளை மாற்றியபின் பிடிஎஃப் எடுங்கள். கடையில் 'ஃபிட்' போடாமல் அசல் அளவிலேயே அடிக்கச் சொல்லுங்கள்.