நட்சத்திரம் உருண்டையாக வரவில்லையா? உடனே ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்

புது டெலஸ்கோப்பில் எடுத்த முதல் படத்தைக் கணினியில் திறந்து, மூலையைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் மனசு விட்டுப்போகும். நடுவில் புள்ளியாக இருக்கும் நட்சத்திரம் மூலைக்குப் போனதும் வால் முளைத்து நிற்கும். சிலருக்கு முட்டை மாதிரி நீண்டிருக்கும், சிலருக்கு முக்கோணமாகவே வரும். உடனே கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். முதல் தவறு அதுதான், பெரிய தவறும் அதுதான்.

750 மி.மீ. குவியத் தூரமுள்ள நியூட்டோனியன் (குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் டெலஸ்கோப்) வாங்கிய புதிதில் நானும் மூன்று இரவுகள் கண்ணாடி ஸ்க்ரூக்களைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கெட்டது. கடைசியில் பார்த்தால், கேமராவைப் பிடித்திருந்த ஃபோகஸர் (ஃபோகஸைச் சரிசெய்யும் குழாய்) ஸ்க்ரூ ஒரு பக்கமாக இறுகி, கேமராவை லேசாகச் சாய்த்து வைத்திருந்தது. கண்ணாடியில் எந்தக் கோளாறும் இருந்திருக்கவில்லை.

கோளாறு எங்கே என்பதை நட்சத்திரத்தின் வடிவமே சொல்லிவிடும். படம் முழுக்க ஒரே திசையில் நீண்டிருக்கிறதா, நான்கு மூலைகளிலும் மட்டுமா, ஒரு பக்கத்தில் மட்டுமா? இதைப் பார்க்காமல் எதையும் தொட வேண்டாம்.

படம் முழுக்க ஒரே திசையில் நீண்டிருந்தால் முதலில் மவுண்ட்டை, அதாவது டெலஸ்கோப்பைத் தாங்கி வானத்தோடு சேர்த்து நகர்த்தும் பீடத்தைச் சந்தேகப்படுங்கள். பூமியின் சுழற்சியால் வானம் நொடிக்கு சுமார் 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்) நகர்கிறது. 750 மி.மீ. டெலஸ்கோப்பில் 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள கேமரா மாட்டினால், ஒரு பிக்சலில் அடங்குவது ஏறத்தாழ 1 ஆர்க்செகண்ட்தான். அதனால் மவுண்ட் நாலைந்து ஆர்க்செகண்ட் பிசகினாலே படத்தில் தெரிந்துவிடும். சோதிப்பது சுலபம். ஒரே இடத்தை 2 நொடி ஒரு படம், 120 நொடி ஒரு படம் எடுங்கள். 2 நொடிப் படத்தில் உருண்டையாக இருந்து 120 நொடியில் நீண்டால் லென்ஸ் மேலும் கண்ணாடி மேலும் பழியே இல்லை. கைடிங் (ஒரு நட்சத்திரத்தைக் கண்காணித்து மவுண்ட்டின் பிசகைத் திருத்துவது), துருவ சீரமைப்பு (மவுண்ட்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கி வைப்பது), காற்று, தொங்கும் கேபிள் இவற்றைப் பாருங்கள். கைடிங் வரைபடம் அழகாக இருந்தும் கோடு விழுகிறதென்றால், கைடிங்குக்கான சிறு டெலஸ்கோப்பான கைடு ஸ்கோப் தன் பிடியில் மெல்ல வளைந்துகொண்டிருக்கலாம். நட்சத்திரங்கள் ஒரு புள்ளியைச் சுற்றி வில் வில்லாக விழுந்தால் துருவ சீரமைப்பு சரியில்லை.

2 நொடிப் படத்திலும் வடிவம் கெட்டிருந்தால்தான் டெலஸ்கோப் பக்கம் வர வேண்டும். அப்போதும் அவசரம் வேண்டாம். வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்த கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர அரை மணியோ ஒரு மணியோ ஆகும். பெரிய கண்ணாடிக்கு இன்னும் கூடுதல். அதற்கு முன்னால் எடுக்கும் எந்தத் தீர்ப்பும் செல்லாது. ஃபோகஸையும் பாஹ்டினோவ் மாஸ்க் (டெலஸ்கோப் முன்னால் மாட்டும் கோடு கோடாக வெட்டிய மூடி) வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நான்கு மூலைகளும் ஒரே அளவில் கெட்டிருந்தால் பெரும்பாலும் பேக் ஃபோகஸ், அதாவது கரெக்டர் லென்ஸிலிருந்து சென்சார் வரையிலான தூரம்தான் காரணம். மூலை நட்சத்திரங்களைச் சரிசெய்யும் லென்ஸ்களான ஃப்ளாட்னர், கோமா கரெக்டர் பலவற்றுக்கும் சென்சார் 55 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். கேனான் இ.எஃப். கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை உள்தூரம் 44 மி.மீ.; 11 மி.மீ. அடாப்டர் மாட்டினால் கணக்கு சரியாக 55. ஆனால் நடுவே ஃபில்டர் வைத்தால் அதன் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும்: 2 மி.மீ. ஃபில்டருக்கு சுமார் 0.7 மி.மீ. நிறையப் பேர் மறப்பது இதைத்தான். ஒரு மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். ஹப்பிள் தொலைநோக்கியின் பிரதான கண்ணாடி தப்பான வடிவில் தேய்க்கப்பட்டதற்குக் காரணம், அதைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி வைக்கப்பட்டிருந்ததுதான். 1990இல் விண்ணுக்குப் போனது, 1993இல் வீரர்கள் போய்த்தான் பார்வையைச் சரிசெய்தார்கள். நமக்கு அரை மி.மீ. ஸ்பேசர் வளையங்கள் போதும். ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

கரெக்டரே இல்லாத நியூட்டோனியனில் மூலை நட்சத்திரங்கள் எல்லாம் வெளிப்பக்கம் வால் நீட்டினால் அது பழுதே இல்லை. பரவளையக் கண்ணாடியின் இயல்பு அது, கொலிமேஷனால் (கண்ணாடிகளை ஒரே நேராகச் சீரமைப்பதால்) போகாது. எஃப்/5, எஃப்/4 என்று (குவியத் தூரத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண்; எண் குறைந்தால் வேகம் அதிகம்) வேகம் கூடக் கூட வாலும் நீளும். ஆனால் மிகக் கச்சிதமான நட்சத்திரங்கள் படத்தின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் ஒதுங்கியிருந்தால், கொலிமேஷனைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் கேமராவை மட்டும் 90 டிகிரி திருப்பி மறுபடி எடுங்கள். கெட்ட மூலை படத்தில் அதே இடத்தில் இருந்தால் சாய்வு கேமராவிலோ அடாப்டரிலோ இருக்கிறது. வேறு மூலைக்கு மாறினால் ஃபோகஸரிலோ கொலிமேஷனிலோ இருக்கிறது. அன்றைக்கு இந்த ஒரு சோதனை எனக்குத் தெரிந்திருந்தால் மூன்று இரவுகள் மிஞ்சியிருக்கும். ஸ்க்ரூ வைத்து இறுக்கும் இணைப்பைவிட மரை போட்டுத் திருகும் இணைப்பே நல்லது.

முக்கோண நட்சத்திரம் நடுவிலும் வந்தால் கண்ணாடியைப் பிடிக்கும் கிளிப்புகள் இறுகியிருக்கின்றன என்று அர்த்தம். கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு காகிதம் நுழைய வேண்டும். கடுங்குளிரில் லென்ஸைச் சுற்றியுள்ள உலோக வளையம் சுருங்கி, லென்ஸ் டெலஸ்கோப்பிலும் இப்படி ஆவதுண்டு.

கொலிமேஷன் செய்தே ஆக வேண்டும் என்றால் முதலில் அதற்குப் பயன்படுத்தும் லேசர் கருவியைச் சோதியுங்கள். ஃபோகஸரில் லூசாக வைத்து மெல்லச் சுழற்றுங்கள். கண்ணாடியில் சிவப்புப் புள்ளி ஒரே இடத்தில் நின்றால் நம்பலாம். வட்டம் போட்டால் லேசரே கோணல், அதை வைத்து ஒரு ஸ்க்ரூவையும் திருப்ப வேண்டாம்.