எண்ணெய்க் கம்பெனியின் விலை உழைப்பு விகிதம்: எங்கே பிழை விடுகிறோம்?

2022 கணக்கு வெளிவந்த பிறகு, 2023 தொடக்கத்தில், கனடாவிலிருந்து தம்பி கைபேசியில் ஒரு படம் அனுப்பினான். அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி எக்ஸான்மொபிலின் பங்கு, விலை 110 டொலர், விகிதம் 8. "மலிவாக் கிடக்கு அண்ணை, வாங்கட்டோ?"

விலை உழைப்பு விகிதம் (P/E) என்பது பங்கின் விலையை, ஒரு பங்குக்கு வந்த வருட இலாபத்தால் பிரிப்பது, அவ்வளவுதான். 2022-ல் அந்த இலாபம் 13.26 டொலர், ஆகவே 8. கணக்கில் பிழையில்லை. ஆனால் உக்ரைன் போரால் எண்ணெய் விலை எகிறிய வருடம் அது. அதை வழமையான வருடமாக எடுத்ததுதான் பிழை.

எங்கள் கொக்குவில் வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. குத்தகைக்குக் கேட்டு வருகிற வியாபாரி போன வருடக் காயை மட்டும் கேட்டு விலை பேசமாட்டார். முந்தின வருடங்களையும் விசாரிப்பார், அண்ணாந்து பூவையும் பார்ப்பார். எண்ணெய்ப் பங்கையும் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

தம்பிக்கு ஒரு கொப்பித் தாளில் 2016 முதல் 2022 வரை பங்கு ஒன்றின் இலாபத்தை எழுதி அனுப்பினேன்: 1.88, 4.63, 4.88, 3.36, நட்டம் 5.25, 5.39, 13.26. சராசரி 4 டொலர். 110 டொலர் விலைக்கு விகிதம் 27! அதே பங்கு, அதே நாள்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. 2020-ல் நட்டம் என்பதால் விகிதமே வராது. பல இணையத்தளங்களில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். நட்ட வருடத்தை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் 27 என்பது 20 ஆகிவிடும். கொரோனாக் காலத்து நட்டமும் கம்பெனியின் கணக்குத்தானே. தயவுசெய்து அதை விடாதீர்கள்.

அப்புறம், விகிதம் கூடினால் பங்கு விலை ஏறிவிட்டது என்று நினைப்பதும் பிழை. 2023 கடைசியில் விலை 100-க்கு இறங்கியிருந்தது, விகிதமோ 11-க்கு ஏறியிருந்தது. இலாபம் 8.89-க்கு விழுந்ததுதான் காரணம். 2016 கடைசியில் விகிதம் 48. அந்த வருடத் தொடக்கத்தில் பிரென்ட் எண்ணெய் (உலகச் சந்தை அளவுகோலாக எடுக்கிற கச்சா எண்ணெய்) பீப்பாய் 30 டொலருக்கும் கீழே போயிருந்தது. எண்ணெய் விலை திரும்பவும் ஏறும் என்ற நம்பிக்கையில்தான் சந்தை 90 டொலர் கொடுத்தது. ஆனால் 2020 முடிவில் அந்தப் பங்கு 41 டொலர். ஆகவே கூடிய விகிதத்தில் வாங்கினால் வெற்றி என்றும் சொல்ல வராது.

கொழும்புச் சந்தையில் லங்கா ஐஓசி வாங்குகிற ஆட்கள் அதன் விகிதத்தை எக்ஸானோடு ஒப்பிடுவதையும் கேட்டிருக்கிறேன். லங்கா ஐஓசி எண்ணெய் தோண்டுவதில்லை, இறக்கி விற்கிறது. டொலரின் பெறுமதியும், இருப்பை வாங்கிய விலைக்கும் பம்பில் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும்தான் அதன் இலாபத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. 2022 ஜூனில் பெட்ரோல் லீற்றர் 470 ரூபா ஆனதை வரிசையில் நின்ற நாங்கள் மறக்கவில்லை. அந்த நிதியாண்டின் இலாபத்தை வைத்து வருகிற விகிதத்தைப் பார்க்கிறபோது, அதற்கு முந்தின ஐந்தாறு வருட அறிக்கைகளையும் பக்கத்தில் விரித்து வையுங்கள். அதன் நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது, எக்ஸானுடையது டிசம்பரில்.