அந்தக் காசு எதற்காகக் கைக்கு வந்தது?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள என் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஒரு ஓட்டலில் 27 ஆண்டுகள் சம்பளக் கணக்கு எழுதியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும், வருமான வரிக் கணக்குக் காட்ட, முதலாளி தரும் ஆண்டுச் சம்பள அறிக்கையான இஏ படிவத்தை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் வருகிறார்கள். அதில் அச்சாகியிருப்பதைப் பார்த்து வரிப் படிவத்தை நிரப்புவது எளிது. சிக்கலான கேள்வியை எழுந்து போகும்போதுதான் கேட்பார்கள்: “அக்கா, டிப்ஸ் காசையும் எழுத வேண்டுமா? கல்யாணத்தில் வந்த மொய்?”

அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்தக் காசு எதற்காக உங்கள் கைக்கு வந்தது? நம் மலேசிய வருமான வரிச் சட்டம் 1967-ஆம் ஆண்டுடையது. அதன் 4-ஆம் பிரிவு எவையெல்லாம் வருமானம் என்று வகைப்படுத்துகிறது: தொழில் வியாபாரம், வேலை, வட்டியும் லாப ஈவும், வாடகையும் உரிமத் தொகையும், ஓய்வூதியம் போலக் காலம் தவறாமல் வருவது, இவற்றைப் போன்ற பிற ஆதாயம். இவற்றில் ஒன்றிலும் அடங்காத பணத்துக்கு வருமான வரி இல்லை. நோட்டாக வந்ததா, வங்கியில் விழுந்ததா, கொடுத்தவர் மனமுவந்து கொடுத்தாரா என்பதைப் பார்த்து முடிவு செய்தால் தவறிவிடும்.

டிப்ஸை எடுத்துக்கொள்வோம். ஓட்டல் ஊழியர்கள் இரண்டு வகைப் பணத்தை எப்போதும் குழப்பிக்கொள்வார்கள். பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் வசூலித்து, சர்வீஸ் பாயிண்ட் கணக்கில் நிர்வாகம் பிரித்துத் தருவது ஒன்று. அது சம்பளச் சீட்டிலும் இஏ படிவத்திலும் ஏற்கெனவே ஏறியிருக்கும். அதைத் திரும்ப எழுதினால் இருமுறை வரி கட்டுவீர்கள். பெட்டியைத் தூக்கி வைத்ததும் விருந்தினர் கையில் திணிக்கும் பத்து வெள்ளி வேறு. அது எந்தப் படிவத்திலும் இருக்காது. ஆனாலும் வேலையினால் வந்த காசு. சட்டத்தின் 13-ஆம் பிரிவு சம்பளம், போனஸ், கமிஷனோடு வேலையால் கிடைக்கும் அனுகூலங்களையும் வேலை வருமானம் என்கிறது. முதலாளி தராமல் வாடிக்கையாளர் தந்தார் என்பதால் அது மாறுவதில்லை.

இதைச் சொன்னால், “அவர் விரும்பித்தானே கொடுத்தார்?” என்று முகம் வாடும். கோயில் குருக்கள் ஒருவரும் என்னிடம் இதையே கேட்டார். தட்டில் விழும் தட்சணை பக்தர் விரும்பிப் போடுவது, அதற்கு வரியா என்று அவருக்கு உண்மையான மனவருத்தம். அவருக்கு ஒரு பழைய வழக்கைச் சொன்னேன். ஈஸ்டர் நாளில் சபையார் மனமுவந்து தந்த காணிக்கைக்கு வரி உண்டா என்று ஒரு பாதிரியாரின் வழக்கு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை போனது. 1909-இல் தீர்ப்பு வந்தது: அந்தப் பதவியில் இருப்பதனால் வந்த பணம், ஆகவே வரி உண்டு. 1947-இல் ஒரு டாக்சி ஓட்டுநரின் டிப்ஸுக்கும் இங்கிலாந்து நீதிமன்றத்தில் அதே முடிவுதான். நம் வரிச் சட்டம் அந்த மரபில் வந்தது. நம் நீதிமன்றங்களும் அந்தத் தீர்ப்புகளை எடுத்துப் பார்க்கின்றன. குருக்கள் கோயிலில் சம்பளத்துக்கு இருந்தால் தட்சணையை வேலை வருமானத்தோடு சேர்க்க வேண்டும். வீடு வீடாகப் போய்ப் புதுமனை பூஜை செய்து வைப்பவர் என்றால் அது அவருடைய தொழில்; தொழில் வியாபாரம் உள்ளவர் தரும் பி படிவத்தில் காட்ட வேண்டும்.

பயம் வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 2,600 ரிங்கிட் அடிப்படைச் சம்பளமும் 700 ரிங்கிட் சர்வீஸ் பாயிண்டும் வாங்கும் ஒரு தம்பி. ஆண்டுக்கு 39,600. இதில் தனிநபர் கழிவு 9,000, அடிப்படைச் சம்பளத்தில் 11 விழுக்காடு ஊழியர் சேமநிதி 3,432. மீதி 27,168. முதல் 5,000-க்கு வரியில்லை. அடுத்த 15,000-க்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 35,000 வரை 3 விழுக்காடு. ஆக 365 ரிங்கிட் வரும். வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவருக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி இருப்பதால், கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. மாதம் 300 வீதம் ஆண்டுக்கு 3,600 ரிங்கிட் டிப்ஸைச் சேர்த்தால்? தள்ளுபடி போக ஏறக்குறைய 73 ரிங்கிட். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா), காப்புறுதி, புத்தகம், கைப்பேசிக் கழிவுகளைச் சேர்த்தால் இன்னும் குறையும். இந்த 73 வெள்ளியை மறைத்த ஒரு தம்பி, வீட்டுக் கடனுக்குப் போனபோது, சம்பளக்காரர் தரும் வரிப் படிவமான பிஇ படிவத்தை வங்கி கேட்டது. அதில் இல்லாத டிப்ஸை வங்கி வருமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. கடன் தொகை குறைந்து அவன் என் சமையலறையில் உட்கார்ந்திருந்த முகம் இன்னும் மனத்தில் இருக்கிறது. மறைத்தது பின்னால் பிடிபட்டால், விடுபட்ட வரியின் அளவுக்கே அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

வேலை முடிந்து சீருடையை மாற்றும்போதே சின்ன நோட்டில் தேதியும் தொகையும் எழுதிவிடுங்கள். சிங்கப்பூர் வெள்ளியோ ஆஸ்திரேலிய டாலரோ வந்தால் அன்றைய மாற்று விலையையும் குறியுங்கள். ஆண்டு முடிவில் கூட்டி, பிஇ படிவத்தில் வேலை வருமானக் கட்டத்தில் இஏ தொகையோடு சேர்த்துப் போடுங்கள்.

மொய்ப் பணத்துக்கு வாருங்கள். என் மகள் திருமணத்தில் மொய் நோட்டு எழுதியது என் கொழுந்தனார். மாமன், சித்தப்பா, அடுத்த வீட்டுச் சீன அம்மா சிவப்பு உறையில் கொடுத்த அங்பாவ் வரை எல்லாம் அதில் உண்டு. உறவினாலும் அன்பினாலும் வந்த பணம் அது, வரி இல்லை. நம் நாட்டில் அன்பளிப்பு வரி என்று ஒன்று கிடையாது. இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான வரியும் 1991 நவம்பர் 1-ஆம் தேதியோடு எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் மொய் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே நாளில் முப்பதாயிரம் வங்கியில் போட்டதற்கு வருமான வாரியம் விளக்கம் கேட்டால், அந்த நோட்டுத்தான் உங்கள் சாட்சி.

தீபாவளிக்கு முதலாளி கொடுக்கும் உறையை மொய்யோடு சேர்க்காதீர்கள். நீங்கள் அங்கே வேலை செய்யாவிட்டால் அந்த உறை வந்திருக்குமா? வந்திருக்காது, ஆகவே அது போனஸ் மாதிரிதான். இதில் ஒரு நல்ல விலக்கு உண்டு: சிறந்த சேவை விருது, ஒரே முதலாளியிடம் பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவருக்குத் தரும் நீண்ட சேவை விருது போன்றவற்றுக்கு ஆண்டுக்கு மொத்தம் 2,000 ரிங்கிட் வரை வரியில்லை. டியூஷன் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கட்டணம் வாங்குவதில்லை, பெற்றோர் மாதாமாதம் உறை தருகிறார்கள் என்பவர்களும் வருவார்கள். மாதம் தவறாமல் பாடத்துக்காக வருவதற்குப் பெயர் கட்டணம்தான்.

பொழுதுபோக்கில் வரும் காசுக்கு என் தம்பியே உதாரணம். ஞாயிறு காலை லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குப் போய், ஆறாம் ஜார்ஜ் முகம் பொறித்த சதுர ஒரு காசும், ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டும் தேடித் தேடிச் சேர்த்தான். இருபது ஆண்டுகள் ஆல்பத்தில் இருந்ததில் சிலவற்றை மகன் படிப்புக்காக ஒருமுறை விற்றான். வாங்கிய விலையைவிட நல்ல விலை கிடைத்தது. அது வருமானம் இல்லை. சொந்த உடைமையை விற்றது. பிறகு அவன் நடை மாறியது. வாரந்தோறும் மொத்தமாக வாங்கி, உறை போட்டு, படம் எடுத்து, கைப்பேசியில் விலை போட்டு, தபாலில் அனுப்பத் தொடங்கினான். (நாணயத்தைத் தேய்த்துக் கழுவினால் மதிப்புப் போய்விடும் என்பதை அவனிடம்தான் கற்றுக்கொண்டேன்.) விற்பதற்காகவே வாங்குவது, அடிக்கடி விற்பது, கையில் நெடுநாள் வைத்திருக்காதது, விலை ஏற்ற உழைப்பது: இவை ஒன்றுசேர்ந்தால் பொழுதுபோக்கு வியாபாரமாகிவிடும். ஒரே ஒரு விற்பனைகூட வியாபாரத் தன்மையோடு இருந்தால் போதும். சட்டம் வியாபாரம் என்ற சொல்லுக்குக் கொடுக்கும் பொருள் அவ்வளவு அகலம். அவனைப் பி படிவத்துக்கு மாற்றினேன். வாங்கிய விலை, தபால், உறைகள் போக மீதி லாபத்துக்குத்தான் வரி. சந்தையில் ரசீது தரமாட்டார்கள் என்பதால், தேதி, பொருள், விலை எழுதிய நோட்டை அவனுக்குக் கட்டாயமாக்கினேன்.

பொழுதுபோக்காகக் கடற்கரை மணலில் உலோகம் தேடும் கருவியோடு நடப்பவர்களுக்கு வரியைவிட முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: கிடைத்த பொருள் உங்களுடையதா? மோதிரத்துக்குச் சொந்தக்காரர் எங்கோ தேடிக்கொண்டிருப்பார்; போலீசில் ஒப்படையுங்கள். உரியவரைத் தேடாமல் வைத்துக்கொள்வது தண்டனைச் சட்டம் 403-ஆம் பிரிவின் குற்றமாகலாம். பழங்காலப் பொருள் என்று தோன்றினால் தேசிய பாரம்பரியச் சட்டம் 2005-இன்படி பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

வியாபாரம் இல்லாதவர் பிஇ படிவத்தை ஏப்ரல் 30-க்குள் தர வேண்டும். பி படிவத்துக்கு ஜூன் 30. மைடாக்ஸ் என்ற இணையத்தளம் வழியாக அனுப்புவோருக்கு வருமான வாரியம் வழக்கமாகப் பதினைந்து நாள் கூடுதலாகத் தருகிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அனுப்பிய பிறகு டிப்ஸ் விட்டுப்போனது நினைவுக்கு வந்தால், கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருத்தப் படிவம் தரலாம். டிப்ஸ் நோட்டு, மொய் நோட்டு, தம்பியின் நாணய நோட்டு எதுவானாலும் ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். என் வீட்டு அலமாரியில் அவற்றுக்கென்று ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது; ஆண்டை மூடிமேல் எழுதி வைத்திருக்கிறேன்.