ஜாங்கோ அட்மின்: லாகின் இருந்தும் கண்டவர் உள்ளே வருவது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்கோ காசிமேட்டு மீன் வியாபாரிக்கோ சின்னதாக ஓர் ஆர்டர் சைட் செய்து கொடுக்க, பைதானில் வெப்சைட் கட்டும் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோ (Django) வசதி. லாகின், பாஸ்வேர்டு, அட்மின் பக்கம் எல்லாம் கூடவே வந்துவிடும். அதை நம்பலாம், தப்பெல்லாம் அதை நாம் மாட்டும் இடத்தில்தான்.

பெரிய தப்பு, பக்கத்தின் கோடுக்கு மேலே 'லாகின் ரிக்வயர்ட்' (login_required) என்ற காவல் வரியைப் போட்டால் போதும் என்று விட்டுவிடுவது. அது பார்ப்பது இவர் லாகின் செய்தவரா என்பதை மட்டும்தான், புடவை வாங்க அக்கவுன்ட் திறந்த கஸ்டமரும் லாகின் செய்தவர்தானே! ஜாங்கோவின் சொந்த அட்மின் பக்கம் 'ஸ்டாஃப்' டிக் இருந்தால்தான் உள்ளே விடும், ஆனால் முதலாளி கேட்டார் என்று நீங்கள் தனியாக எழுதிய விலை மாற்றும் பக்கத்துக்கு அந்தக் காவல் தானாக வராது. யூஆர்எல்லை ஊகித்து அடிக்கிற எவரும் 899 ரூபாய் புடவையை 9 ரூபாய் ஆக்கிவிட்டுப் போகலாம். மெனுவில் லிங்க்கை மறைத்திருக்கிறேனே என்பார்கள். மறைந்தது லிங்க்தான், பக்கம் திறந்தேதான் கிடக்கிறது. அங்கே, இவருக்கு இந்த வேலைக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்கும் 'பர்மிஷன் ரிக்வயர்ட்' (permission_required) போடுங்கள், 'ரெய்ஸ் எக்செப்ஷன்' (raise_exception) ட்ரூ என்றும் கொடுங்கள், இல்லாவிட்டால் உரிமை இல்லாதவரை மறுபடி லாகின் பக்கத்துக்கே அனுப்பும், அவர் பாஸ்வேர்டுதான் தப்போ என்று குழம்புவார். பக்கத்தைக் காட்டும் கோடை, அதாவது வியூவை, கிளாஸாக எழுதியிருந்தால், இந்தக் காவலைச் சேர்க்கும் 'மிக்ஸின்' (mixin) என்ற துணை கிளாஸ், அடைப்புக்குறிக்குள் இடது ஓரத்தில் முதலில் வர வேண்டும். வியூவுக்குப் பின்னால் வைத்தால் எரர் வராது, காவலும் இருக்காது.

இது டெஸ்டிங்கில் மாட்டாததற்குக் காரணம், எழுதுகிறவர் எப்போதும் எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசராகவே உட்கார்ந்திருப்பது. எந்த பர்மிஷனைக் கேட்டாலும் சூப்பர்யூசருக்கு ஜாங்கோ ஆமாம் என்றே சொல்லும். சாதா கஸ்டமர், பில் போடும் பையன் என்று இரண்டு அக்கவுன்ட் வைத்து ஒவ்வொரு யூஆர்எல்லையும் அடித்துப் பாருங்கள். 5.1 வெர்ஷனில் எல்லாப் பக்கத்தையும் மூடிவிட்டு வேண்டியதை மட்டும் திறக்கும் மிடில்வேர் (ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் ஓடும் கோடு) வந்திருக்கிறது, நல்லதுதான், ஆனால் அதுவும் லாகினோடு நின்றுவிடும்.

அடுத்த தப்பு, கடை முழுவதற்கும் ஒரே சூப்பர்யூசர் அக்கவுன்ட். தீபாவளி சீசனுக்கு வந்த பையன் வரைக்கும் அந்தப் பாஸ்வேர்டு வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும். விலையை மாற்றியது யார் என்று முதலாளி கேட்டால் ஹிஸ்டரியில் எல்லா வரியிலும் ஒரே பெயர். ஆளுக்கு ஓர் அக்கவுன்ட் கொடுங்கள், வேலைக்கேற்ற உரிமைகள் உள்ள ஜாங்கோ குரூப்பில் சேருங்கள். வேலையை விட்டுப் போனவரை டிலீட் செய்யாதீர்கள், அட்மினில் அவர் செய்த மாற்றங்களின் ஹிஸ்டரியும் சேர்ந்து போய்விடும். 'ஆக்டிவ்' டிக்கை எடுத்தால் போதும், அவர் ஏற்கெனவே லாகின் செய்து திறந்து வைத்திருக்கும் செஷன்கூட அடுத்த கிளிக்கில் செல்லாது. செஷன் சும்மா விட்டால் 2 வாரம் உயிரோடு இருக்கும், கல்லாவில் நாலு பேர் தொடுகிற கம்ப்யூட்டருக்கு அது ரொம்ப அதிகம், குறைத்துவிடுங்கள்.

பாஸ்வேர்டை நேராக யூசர் ஆப்ஜெக்ட்டில் வைத்து சேவ் செய்தால் டேட்டாபேஸில் அப்படியே எழுத்தாகக் கிடக்கும், லாகினும் ஆகாது. 'செட் பாஸ்வேர்டு' (set_password) வழியாகப் போனால்தான் ஹாஷ் ஆகும், அதாவது திரும்பப் படிக்க முடியாத வடிவத்துக்கு மாறும். லாகின் ஆகவில்லையே என்று சொந்தமாக ஒப்பிட்டுப் பார்க்கும் கோடு எழுதுகிறார்களே, அது இன்னும் கொடுமை.

எத்தனை தடவை தப்பாக அடித்தாலும் ஜாங்கோ தானாகத் தடுக்காது. ஜாங்கோ-ஆக்ஸஸ் (django-axes) மாதிரி ஒரு பேக்கேஜ் போட்டே ஆக வேண்டும். அட்மின் யூஆர்எல் பெயரை மாற்றினால், தானாகச் சுற்றி லாகின் முயற்சி செய்யும் பாட் புரோகிராம்களின் தொல்லை குறையும், அவ்வளவுதான். சர்வரில் ஏற்றுவதற்கு முன் மேனேஜ் செக் கமாண்டை 'டிப்ளாய்' ஆப்ஷனோடு (manage.py check --deploy) ஓட்டுங்கள், உள் விவரங்களை வெளியே காட்டும் டீபக் (DEBUG) செட்டிங் ட்ரூ என்றே கிடப்பதையும் குக்கீ எச்டிடிபிஎஸ் இல்லாமல் போவதையும் அதுவே காட்டிக்கொடுக்கும்.