பிரஷர் வாஷரின் அமுக்கத்தைப் பாதுகாப்பாகக் கூட்டிக் குறைப்பது

மே மாத மழை பிடித்தால் கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முற்றத்துச் சீமெந்தில் பச்சைப் பாசி படர்ந்துவிடும். மெஷினை வெளியே எடுப்போம். தண்ணீர் வேகமாகப் பாயவில்லையென்றால் உடனே பம்பிலுள்ள திருகை இறுக்குவோம். அங்கேதான் பிழை தொடங்குகிறது. அமுக்கம் போதாததற்குக் காரணம் பெரும்பாலும் திருகு அல்ல, மெஷினுக்கு வந்து சேரும் தண்ணீர்.

அதனால் முதலில் வாளிச் சோதனை. மெஷினுக்குப் பூட்டும் அதே ஹோஸைக் குழாயில் மாட்டி, 10 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பாருங்கள். மெஷினில் ஒட்டியுள்ள தகட்டில் மணிக்கு 360 லீற்றர் என்றிருந்தால் அது நிமிடத்துக்கு 6 லீற்றர். வாளி 100 செக்கனுக்குள் நிரம்ப வேண்டும். 80 செக்கனில் நிரம்பினால் நிம்மதி. 100 செக்கனுக்கு மேல் இழுத்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், சத்தம் கரகரப்பாக மாறும், தண்ணீர் விட்டு விட்டுப் பீறிடும். அப்படியே ஓட்டினால் உள்ளேயிருக்கும் சீல்கள் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

கொழும்பு வீடுகளில் பலவற்றுக்குத் தண்ணீர் வருவது மேல்மாடித் தாங்கியிலிருந்துதான். 10 மீற்றர் உயரம் இருந்தால்தான் 1 பார் அமுக்கம் கிடைக்கும். குழாயிலிருந்து 3 மீற்றர் உயரத்திலுள்ள தாங்கி 0.3 பார்தான் தரும். மெல்லிய, நீளமான ஹோஸ் அதையும் தின்றுவிடும். முக்கால் அங்குல ஹோஸைக் குட்டையாகப் போடுங்கள். தண்ணீர் நுழையும் வாயிலுள்ள சிறிய வலைச் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். தாங்கியின் அடி மண்டி அதில்தான் வந்து அடைக்கும்.

மின்சாரத்திலும் கவனம் வேண்டும். ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் வகையா என்று பார்த்து, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கி விழுகிறதா என்று சோதியுங்கள். விழாவிட்டால் அன்றைக்கு மெஷின் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளிலிருந்து முழுதாக அவிழ்த்துவிடுங்கள். சுற்றியபடியே விட்டால் சூடேறும். நீளமான மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டர் தளரும், அமுக்கமும் குறையும். பிளக் இணையும் இடம் ஈரத் தரையில் கிடக்கக் கூடாது.

இனி அமுக்கத்துக்கு வருவோம். மெஷினைப் போடுமுன் குழாயைத் திறந்து, துப்பாக்கியின் விசையை அமுக்கிப் பிடியுங்கள். குமிழி நின்று தண்ணீர் சீராக ஓடிய பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

குறைக்க வேண்டுமானால் முதலில் தண்ணீர் பாயும் முனையான நொசிலை மாற்றுங்கள், அல்லது தள்ளி நில்லுங்கள். வழக்கமான நிறங்களும் தண்ணீர் விரியும் கோணமும் இவை: சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சவர்க்காரத்துக்கு. சிவப்பை வீட்டில் தொடவே வேண்டாம். சீமெந்து முற்றத்துக்குப் பச்சை, காருக்கு வெள்ளை. காரில் ஒரு மீற்றரில் தொடங்கி மெல்ல நெருங்குங்கள். ஓர் அடிக்குக் கிட்டப் போகாதீர்கள். ரயரின் பக்கவாட்டில் கிட்ட அடித்தால் இறப்பர் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாது. துப்பாக்கியில் பூட்டும் நீளக் குழலான லான்ஸ், முனையைத் திருகும் வகை என்றால் விசையை விட்ட பிறகே திருகுங்கள்.

பம்பில் திருகு இருந்தால் அதற்கு வருவது கடைசியில்தான். அதிகமான மெஷின்களில் இடப்பக்கம் திருப்பினால் குறையும், வலப்பக்கம் திருப்பினால் கூடும். தளர்த்திய நிலையில் தொடங்கிக் கால் சுற்றுக் கால் சுற்றாக ஏறுங்கள். அமுக்கத்தைக் காட்டும் மானியின் முள்ளை, விசையை அமுக்கித் தண்ணீர் பாயும்போது பாருங்கள்; விசையை விட்ட பின் தெரிவது உள்ளே அடைபட்ட அமுக்கம், அதை நம்பக் கூடாது. இறுக்கியும் முள் ஏறாத இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால், விசையை விடும்போது தண்ணீரைத் திருப்பிவிடும் வால்வு சரியாகத் திறக்காது. அமுக்கம் ஒரே பாய்ச்சலில் எகிறி ஹோஸ் வெடிக்கலாம். கம்பனி பெயின்ற் பூசி மூடிய திருகு என்றால் ஸ்பேனர் வைக்காதீர்கள்.

வாளிச் சோதனை சரி, அமுக்கம் மட்டும் குறைவு என்றால் நொசில் துளை தேய்ந்து அகன்றிருக்கும், புதிதாக மாற்றுங்கள். தண்ணீர் ஒரு பக்கமாகச் சிதறினால் துளையில் மண் இருக்கும். நொசிலைக் கழற்றி மெல்லிய கம்பியால் குத்திப் பின்பக்கத்திலிருந்து கழுவுங்கள்.

அஸ்பெஸ்டஸ் கூரையில் மட்டும், எவ்வளவு குறைந்த அமுக்கத்திலும், அடிக்காதீர்கள். அந்த நார் சுவாசத்தோடு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஏணியில் நின்றும் அடிக்க வேண்டாம். துப்பாக்கி பின்னுக்குத் தள்ளும்.

கண்ணாடியும் மூடிய சப்பாத்தும் போடுங்கள். தண்ணீர் தோலைத் துளைத்தால் வெளியே ஊசி குத்திய அளவு காயம்தான் தெரியும். உள்ளே தசை சிதைந்திருக்கும். வலி இல்லையென்று பொறுக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது நேரே வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குப் போய், அமுக்கத் தண்ணீர் பாய்ந்த காயம் என்று சொல்லுங்கள்.

முடிக்கும்போது சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, குழாயை மூடுங்கள். பிறகு துப்பாக்கியைத் தரையை நோக்கிப் பிடித்து, தண்ணீர் சொட்டாகும்வரை விசையை அமுக்குங்கள். அதற்குப் பிறகே ஹோஸையும் நொசிலையும் கழற்றலாம்.