சிம்ஸ் பூங்காவில் நடந்து பழகுவது எப்படி? மலைக்குப் புதியவர்களுக்கு

மலையில் நடக்க ஆசை, ஆனால் டிரெக்கிங் என்றாலே பயம் என்பவர்களை நான் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குத்தான் அனுப்புவேன். 1874இல் உருவான பூங்கா, ஏறக்குறைய 12 ஹெக்டேர். வழி தவறினாலும் பூங்காவுக்குள்தான் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். ஒரே சிக்கல், வாசல் மேலே, குளம் கீழே. மற்ற இடங்களில் ஏறிவிட்டு இறங்குவோம். இங்கே இறங்கிவிட்டு, களைத்த காலோடு ஏற வேண்டும்.

கிளம்பும் முன்

வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், 2024 மே முதல் கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, எனவே ஸ்டீல் பாட்டில். அடியில் பிடிப்புள்ள ஷூ போடுங்கள். கால் நகத்தை வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் ஷூவின் முன்பக்கம் இடித்துக்கொண்டே இருக்கும். மே மாதப் பழக்கண்காட்சி நாட்களில் வராதீர்கள். அது பார்க்கும் நாள், நடக்கும் நாள் அல்ல.

இறங்கும்போது

வாசலில் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். எடுத்து வைக்கும் அடி சின்னதாக, முட்டி லேசாக மடங்கியபடி, பாதம் முழுவதும் தரையில் படவேண்டும். குதிகாலை ஊன்றி உடம்பைப் பின்னால் சாய்ப்பவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள். அக்டோபர், நவம்பரில் குன்னூரில் நல்ல மழை. பாசி பிடித்த கல்லையும் ஈர இலையையும் தவிர்த்து மிதியுங்கள். சரிவு கூடினால் நேராக இறங்காமல் குறுக்காக வளைந்து இறங்கலாம்.

நடுவில் நிற்க

ருத்ராட்ச மரத்தடியில் நில்லுங்கள். பழம் உதிர்ந்து கிடந்தால் குனிந்து பாருங்கள். தோல் நல்ல நீலம். உள்ளே மெல்லிய சதை, அதற்குள்தான் நாம் கழுத்தில் கட்டும் மேடுபள்ளக் கொட்டை. பெரும்பாலும் ஐந்து முகம்தான் இருக்கும். (ஒரு முகம் என்று கடைக்காரர் விலை சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.) மரப்பெரணியின் இளம் இலை கடிகார ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள். எதையும் பறிக்க வேண்டாம். குரங்கு பக்கத்தில் இருந்தால் பையைத் திறக்காதீர்கள். காட்டெருமை தென்பட்டால் செல்ஃபி எல்லாம் வேண்டாம், வந்த வழியே அமைதியாகத் திரும்புங்கள்.

ஏறும்போது

குளத்தங்கரையில் பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். பூங்கா சுமார் 1,780 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சமவெளியிலிருந்து வருபவர்களுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். கூட வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் அப்படியே உட்கார்ந்து உதவி கேளுங்கள்.

மறுநாள் தொடையின் முன்பக்கம் பிடித்துக்கொண்டால், ஏற்றத்தைத் திட்டாதீர்கள். அது பெரும்பாலும் இறக்கத்தின் வேலை. இரண்டு நாள் விட்டு மறுபடி வாருங்கள், அப்போது இவ்வளவு வலிக்காது.