மலைக்கு அனுப்பும் முன்: இஎம்எம்சி பூட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடிநாயக்கனூரில் பெட்டியைச் செய்வார்கள். அது போய் உட்காருவது பூப்பாறையிலோ நெடுங்கண்டத்திலோ உள்ள ஏலக்காய் ஸ்டோரில். காய் உலரும் அறையின் சூட்டையும் ஈரத்தையும் குறித்துக்கொண்டு புளோயரை ஓட்டி நிறுத்துகிற கண்ட்ரோல் பெட்டி அது. உள்ளே பெரும்பாலும் பீகிள்போன் பிளாக் போன்ற ஒரு லினக்ஸ் போர்டு இருக்கும். மலை ஈரத்திலும் மோட்டார் அதிர்விலும் எஸ்டி கார்டின் தொடுமுனை தகராறு செய்யும் என்பதால், சிஸ்டத்தைப் போர்டிலேயே பதிந்திருக்கும் இஎம்எம்சி மெமரிக்கு மாற்றுகிறார்கள். சரியான முடிவுதான். ஆனால் மாற்றும்போது நடக்கிற தவறுகள் மேஜையில் தெரிவதில்லை. மலையில் தெரிகின்றன. அப்புறம் ஜீப் பிடித்து போடிமெட்டு ஏற வேண்டியதுதான்.

முதல் தவறு ஒரு நம்பிக்கை: ‘கார்டு செருகியிருந்தால் கார்டிலிருந்து எழும், எடுத்துவிட்டால் உள் மெமரியிலிருந்து எழும்.’ அப்படி இல்லை. கரன்ட் கொடுத்ததும் சிப்புக்குள் இருக்கும் ரோம் கோட் எம்எல்ஓ என்ற சின்ன புரோகிராமைத் தேடி ஏற்றும். எம்எல்ஓ யூ-பூட் என்ற அடுத்த புரோகிராமை ஏற்றும், யூ-பூட் லினக்ஸின் மையமான கெர்னலை ஏற்றும், கெர்னல் சிஸ்டத்தின் கோப்புகள் இருக்கும் ரூட் பைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்யும், அதாவது இணைத்துக்கொள்ளும். எங்கிருந்து படிப்பது என்பதை இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தீர்மானிக்கின்றன. பீகிள்போன் பிளாக்கில் ரோம் கோட் தேடும் வரிசை: இஎம்எம்சி, எஸ்டி, சீரியல், யூஎஸ்பி. கார்டு செருகியிருந்தாலும் இஎம்எம்சிதான் முதலில். போர்டில் உள்ள எஸ்2 பட்டனை அழுத்திக்கொண்டே கரன்ட் கொடுத்தால் மட்டும் எஸ்பிஐ என்ற இணைப்பு, எஸ்டி, யூஎஸ்பி, சீரியல் என்று வரிசை மாறும்.

கரன்ட் கொடுக்கும் அந்தக் கணத்தில்தான் எஸ்2 பார்க்கப்படுகிறது. அதை அழுத்திக்கொண்டு ரீசெட் பட்டனைத் தட்டுகிறவர்கள் ஏராளம், பலன் இருக்காது. ஒயரை உருவி மறுபடி செருக வேண்டும்.

இந்த வரிசை தெரியாததால் வருகிற குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. இஎம்எம்சியில் பழைய யூ-பூட், கார்டில் புதிய டெபியன் லினக்ஸ். எஸ்2 அழுத்தாமல் போட்டால் பழைய யூ-பூட் எழுந்து, கார்டில் இருக்கும் புதிய கெர்னலை எடுக்கப் பார்த்துத் தடுமாறும். பழியோ கார்டின் மேல் விழும். மூன்று கார்டு மாற்றியும் அதே கதைதான். கார்டிலிருந்து எஸ்2 வழியாக எழுப்பி, இஎம்எம்சியின் முதல் சில மெகாபைட்டைப் பூஜ்யத்தால் அழித்தாலே சிக்கல் தீரும். உள்ளே இருப்பதும் சேர்ந்து போய்விடும் என்பதால், தேவையான கோப்புகளை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

போர்டு எழும்போது சொல்வதைக் கணினித் திரையில் காட்டும் சீரியல் ஒயர் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதுதான் என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. போர்டில் ஜே1 என்ற ஆறு முள் இருக்கிறது. அதற்கு 3.3 வோல்ட் யூஎஸ்பி-சீரியல் ஒயர் போதும், வேகம் 115200. 5 வோல்ட் ஒயரை மாட்டினால் சிப் பாழாகலாம். திரையில் ‘சி’ எழுத்து மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தால் ரோம் கோட்டுக்கு எங்குமே எம்எல்ஓ கிடைக்கவில்லை. யூ-பூட் பெயர் வந்து அங்கேயே நின்றால் கெர்னலைத் தேடும் இடம் தப்பு. கெர்னல் ஓடி, ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் ஆகி நின்றால் பெரும்பாலும் ரூட் இருக்கும் சாதனத்தின் பெயர் தப்பு. எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மலையில் இருப்பவரிடம் சீரியல் ஒயர் இருக்காது. “தம்பி, லைட்டு எரியுது, ஆனா ஒண்ணும் வரலையே” என்று ஸ்டோர்க்காரர் போன் செய்வார். எந்த லைட் என்று கேளுங்கள். பவர் லைட் தவிர நான்கு நீல லைட்டுகள் உண்டு. வழக்கமான டெபியன் அமைப்பில் முதலாவது நாடி போலத் துடிக்கும், இரண்டாவது எஸ்டி கார்டுக்கும் நான்காவது இஎம்எம்சிக்கும் மினுக்கும். முதலாவது துடிக்கவே இல்லை என்றால் கெர்னல் எழவில்லை. துடிக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் புரோகிராமில், பூட்டில் இல்லை.

நகலெடுப்பதில் வருகிற தவறுகள் வேறு ரகம். கார்டில் இருக்கும் கோப்புகளை எல்லாம் இஎம்எம்சி பார்ட்டிஷனுக்குக் காப்பி செய்துவிட்டு, ஏன் எழவில்லை என்று தலையைச் சொறிவார்கள். புதிய டெபியன் இமேஜ்களில் எம்எல்ஓவும் யூ-பூட்டும் கோப்பாக இருப்பதில்லை; முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் நேரடியாக எழுதப்பட்டிருக்கும். காப்பி கட்டளையின் கண்ணில் அது படாது. மாறாக, கார்டு முழுவதையும் டிடி கட்டளையால் அப்படியே தூக்கிப் போடுகிறவர்களுக்கு இரண்டு பள்ளம் காத்திருக்கிறது. 8 ஜிபி கார்டின் இமேஜ் 4 ஜிபி இஎம்எம்சியில் அடங்காது. 2014-இல் வந்த சி பதிப்பிலிருந்துதான் 4 ஜிபி. அதற்கு முந்தைய போர்டுகளில் 2 ஜிபிதான். அடங்கினாலும் அடுத்த பள்ளம்: பார்ட்டிஷனை அடையாளம் காட்டும் யூயூஐடி எண் கார்டிலும் இஎம்எம்சியிலும் ஒன்றே. இரண்டும் இருக்கும்போது கெர்னல் எதை ரூட்டாக எடுக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் இஎம்எம்சியில் திருத்துவதாக நினைத்து கார்டில் திருத்திக்கொண்டிருப்பீர்கள். எழுந்த பிறகு, ரூட் எந்தச் சாதனத்தில் மவுண்ட் ஆகியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சாதனப் பெயரை எழுதி வைப்பதும் ஆபத்துதான். பழைய 3.8 கெர்னலில் கார்டு இருந்தால் இஎம்எம்சிக்கு ஒன்று என்ற எண், கார்டு இல்லாவிட்டால் பூஜ்யம். கார்டோடு சோதித்து ஒன்று என்று எழுதி வைத்தவரின் பெட்டி, கார்டை உருவியதும் படுத்துவிடும். யூயூஐடியால் குறிப்பிட்டால் இந்த வம்பு இல்லை.

இனி பெட்டிக்காரர்களுக்கே உரியது. போர்டு மேஜையில் எழுகிறது, ரிலே போர்டை மாட்டியதும் எழவில்லை. பவர் போதவில்லை என்று சப்ளையை மாற்றுவார்கள். போர்டின் பி8 கனெக்டரைப் பாருங்கள். அதன் 3 முதல் 6 வரையும் 20 முதல் 25 வரையும் உள்ள முள்கள் இஎம்எம்சியின் சொந்த ஒயர்கள். அங்கே ரிலேயை மாட்டினால் மெமரியோடு பேச்சு அறுந்துபோகும். 31 முதல் 46 வரை உள்ள பதினாறு முள்கள் இன்னும் தந்திரமானவை. கரன்ட் வந்ததும் ரோம் கோட்டின் தேடல் வரிசையை இவற்றின் நிலைதான் முடிவு செய்கிறது. எஸ்2 பட்டன் செய்வதும் இவற்றில் ஒன்றின் நிலையை மாற்றுவதுதான். வெளிச் சர்க்யூட் இவற்றில் ஏதாவது ஒரு முள்ளின் வோல்டேஜை மேலே இழுத்தாலோ கீழே இழுத்தாலோ வரிசை குலையும். பி8-இன் 7 முதல் 19 வரை ரிலேக்குத் தாராளமாகப் போதும். வேறு வழியில்லாமல் அந்தப் பதினாறைத் தொட வேண்டுமென்றால், ரீசெட் முடியும் வரை சிக்னலை மறித்து வைக்கும் பஃபர் ஒன்று போடுங்கள். ரீசெட் சிக்னல் பி9 கனெக்டரின் 10-ஆம் முள்ளில் கிடைக்கும்.

பவர் விஷயம் சுருக்கமாக. பிளாஷ் செய்யும்போது, அதாவது இஎம்எம்சியில் சிஸ்டத்தை எழுதும்போது, கணினியின் யூஎஸ்பியை நம்ப வேண்டாம். 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை வட்ட ஜாக்கில் போடுங்கள். நடுவில் கரன்ட் போனால் போர்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். ரோம் கோடை யாராலும் அழிக்க முடியாது; எஸ்2 வழியாகக் கார்டிலிருந்து எழுப்பி மறுபடி எழுதலாம். தினமும் கரன்ட் போய் வருகிற ஸ்டோருக்கு, போர்டில் டிபி5 முதல் டிபி8 வரை உள்ள பேட்டரி புள்ளிகளில் ஒற்றை செல் லித்தியம் பேட்டரி இணைத்து, முறைப்படி அணைய நேரம் கொடுப்பது நல்லது.

இஎம்எம்சியைக் கழற்றி மாற்ற முடியாது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். நொடிக்கு ஒரு தடவை வெப்பநிலையை எழுதி, ஒவ்வொரு தடவையும் சிங்க் செய்தால், அதாவது உடனே இஎம்எம்சிக்குத் தள்ளினால், அந்த மெமரி சீக்கிரம் தேயும். ரேமில் சேர்த்து வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதினால் ஸ்டோருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ரேம் போதாதபோது இஎம்எம்சியில் எழுதும் ஸ்வாப்பை அணைத்துவிடுங்கள். எம்எம்சி என்ற லினக்ஸ் கருவியில் ஹார்ட்வேர் ரீசெட்டை இயக்கும் கட்டளை போலச் சில, ஒரே ஒரு தடவை மட்டும் எழுதக்கூடியவை. திரும்ப மாற்ற முடியாது. விளையாட்டுக்குக் கூட ஓட்டிப் பார்க்காதீர்கள்.

அவசரத்துக்கு என்று பெட்டிக்குள் ஒரு கார்டு ஒட்டி அனுப்புவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது பிளாஷர் கார்டாக இருக்கக் கூடாது. பிளாஷர் கார்டு எழுந்ததும் எதுவும் கேட்காமல் இஎம்எம்சியை அழித்து எழுதத் தொடங்கிவிடும். ஸ்டோரில் யாரோ நல்லெண்ணத்தில் அதைச் செருகினால் அந்த சீசன் முழுக்கச் சேர்த்த பதிவு போச்சு. சாதாரணமாக எழுகிற கார்டை வைத்து, ‘எஸ்2 அழுத்திக்கொண்டு ஒயரைச் செருகவும்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் அதன் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.